பாலைவனத்தில் ஒரு ஹாஸ்யக்காரி

பாலைவனம் என்றவுடன் தாகம் நினைவுக்கு வருகிறது. வழி தவறிய பிரயாணிகள் நினைவுக்கு வருகிறார்கள். நம்முடைய பழைய இலக்கியங்களில் பயிற்சியுள்ளவர்களுக்குக் காதலரின் பிரிவு நினைவுக்கு வரும். சிரிப்பு மட்டும் ஒருவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அமெரிக்க ஸினிமாக்காரர்கள் படைத்த பாலைவனம் வேறு விதமானது. அங்கே குதிரை மேல் ஒரு முகமூடி வீரன், நிலவில் ஒரு காதல் பாட்டு, ஒரு நடனக்காரி, சில துப்பாக்கி வேட்டு, இவ்வளவும் இருந்தால் போதாது. நடுநடுவே சபையோரைச் சிரிக்க வைப்பதற்கு ஒரு விகட ஜோடியும் வேண்டும்.

அப்படிப்பட்ட ஜோடியில் ஒருவராக மணலில் வந்து இறங்கிய லூயிஸ் பஜெண்டா என்னும் நடிகையைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். படத்தின் பெயர் 'டெஸர்ட் ஸாங்'. தமிழில் 'பாலைவன கீதம்' என்று சொல்லலாம். வார்னர் பிரதர்ஸ் கம்பெனியார் 1929-ஆம் வருஷத்தில் வெளியிட்டது. மேடையில் புகழ்பெற்ற ஒரு சங்கீத நாடகத்தை முதன்முதலாக முழுப் பேசும் படமாக எடுத்த பெருமை அதற்கு உண்டு. படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாட்டைப் பற்றியே பேசுவார்கள். விகடக்காரியை யாரும் அதிகமாகக் கவனிப்பதில்லை. கவனித்துப் பார்த்தால், அந்தக் கதையிலுள்ள உண்மையின் ஒரு பங்கு அவளிடம் இருப்பது தெரியும்.

முகமூடியின் கதை

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ தேசத்தில் ரிப் என்னும் மலைப் பிரதேசம் இருக்கிறது. அங்கே வாழும் மக்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துக் கிளம்புகிறார்கள். அவர்களுக்குத் தலைமை வகிப்பவன் 'செந்நிழல்' என்ற பெயர் பூண்ட ஒரு முகமூடி வீரன். அவனைப் பிடிப்பதற்கென்று பிரெஞ்சு ஸேனாதிபதி ஒருவர் வருகிறார். அந்த ஸேனாதிபதியின் ஏக புத்திரனான பியேர்தான் செந்நிழல் என்பது அவருக்குத் தெரியாது. ஏனென்றால், பியேர் வீட்டில் இருக்கும்போது ஒன்றும் அறியாத அசடனைப்போல் நடித்து வருகிறான்.

மார்கோ என்ற பிரெஞ்சு யுவதிக்கு வீர புருஷர்கள் மீதே மோகம். கண்ணெதிரில் நிற்கும் பியேரை அவள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அவனே முகமூடி தரித்து வந்து அவளைத் தூக்கிச் செல்லும்போது அவள் மனம் தடுமாறுகிறது. பிறகு, மகன் என்று அறியாமலே தந்தை செந்நிழலைத் துவந்த யுத்தத்துக்கு அழைக்கிறார். தந்தையின்மேல் வாளோங்க மனமில்லாமல் மகன் மறுத்துவிடுகிறான். அவனைக் கோழை என்று எண்ணி ரிப் வீரர்கள் விலக்கிவிடுகிறார்கள். முடிவில் பியேர் செந்நிழலின் உடைகளை ஏந்திக்கொண்டு வந்து, அவனைக் கொன்றுவிட்டதாகச் சொல்லுகிறான். மார்கோ உண்மையைத் தெரிந்து கொள்ளுகிறாள். கதை சுபமாக முடிகிறது.

இந்தக் கதையின் ஓரத்தில் பென்னி கிட் என்று ஒருவன் இருக்கிறான். பெரிய மனிதர்களின் விருந்துகளையும் விவாகங்களையும் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவது அவன் தொழில். குதிரைச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறவன். அவன் ரிப் வீரர்களிடம் வகையாய் அகப்பட்டுக்கொள்ளுகிறான். அவனுக்கு ஒரு காரியதரிசி உண்டு, பெயர் ஸூஸன். அவள் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அவனோ அவளைக் கண்டால் ஓடுகிறான். ஜானி ஆர்தர் பென்னியாகவும், லூயிஸ் பஜெண்டா ஸூஸனாகவும் நடித்தார்கள்.

மலைநாட்டின் உண்மைக் கதை

கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால் அந்நிய ஆட்சி இன்னதென்று அறிந்த தேசத்தில் பிறந்த நமக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. ரிப் மக்களின் தலைவன் ஏன் ஒரு பிரெஞ்சுக்காரனாக இருக்க வேண்டும்? அந்த மலையில் ஆண்பிள்ளையே இல்லையா?

இருந்தார். அவர் பெயர் அப்துல் கரீம். மெலில்லா என்னும் ஸ்பானிஷ் நகரத்தில் காஜியாக உத்தியோகம் பார்த்தவர். அங்கே நடந்த ஒரு பத்திரிகையின் அரபிப் பகுதிக்கு ஆசிரியராகவும் இருந்தவர். 1921-ஆம் வருஷம் ஜூலை மாதம் அனுவால் என்ற இடத்தில் ஸ்பெயின் தேசத்துப் பெரும் படையொன்றை அவருடைய மலைவாசிகள் முறியடித்தார்கள். ஸ்பானிஷ் ஸிப்பாய்கள் பல்லாயிரவர் மாண்டார்கள். அப்துல் கரீம் ரிப் பிரதேசத்தைக் குடியரசாக ஸ்தாபித்து ஐந்து வருஷ காலம் எதிர்த்து நின்றார். ஸ்பெயின் ஆகாய விமானங்களிலிருந்து விஷவாயுக் குண்டுகளை வீசிற்று. 1925-ல் பிரான்ஸும் யுத்தத்தில் இறங்கியது. மகாயுத்தத்தில் பெயர்பெற்ற மார்ஷல் பெத்தேனையே அந்தக் குடியரசின்மேல் அனுப்பினார்கள். இரண்டு ஐரோப்பிய வல்லரசுகளும் சேர்ந்து நெருக்கவே, 1926-ஆம் வருஷம் மே மாதத்தில் அப்துல் கரீம் பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்தார். இந்து மகாசமுத்திரத்திலுள்ள ரெயூனியன் தீவுக்கு அவரைக் குடும்பத்துடன் நாடு கடத்தினார்கள்.

அதே வருஷம் நவம்பர் 30-ஆந் தேதி, நியூயார்க் நகரில் காஸினோ தியேட்டரில் 'பாலைவன கீதம்' நாடகம் அரங்கேறியது. சங்கீதம் அமைத்தவர் ஸிக்மண்ட் ராம்பர்க். பாட்டுக்களையும் வசனத்தையும் எழுதியவர்கள் ஆட்டோ ஹார்பாக், இரண்டாவது ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன், பிராங்க் மாண்டல் ஆகியோர். பத்திரிகைகளில் சில மாதங்களுக்கு முன்பு வரையில் அடிபட்டுக்கொண்டிருந்த யுத்தத்தை அவர்கள் காதல் கதையாக்கினார்கள். நாடகம் 471 முறை நடந்தது. அத்தனை முறையும் மலைவாசிகளின் தலைவன் முகமூடியைக் கழற்றினான். அத்தனை முறையும் உள்ளே ஒரு பிரெஞ்சு முகமே இருந்தது!

இதை ராம்பர்க் கோஷ்டியாரின் குற்றமாக மட்டும் சொல்லிப் பயனில்லை. அக்காலத்தில் பாலைவனக் கதைகளுக்கெல்லாம் அதுவே சம்பிரதாயம். 1921-ல் ருடால்ப் வாலண்டினோ நடித்து உலகத்தையே மயக்கிய 'ஷேக்' என்னும் ஊமைப் படத்திலும், அரபிப் பிரபுவாக வரும் கதாநாயகன் முடிவில் ஐரோப்பியத் தாய் தந்தையருக்குப் பிறந்தவன் என்று தெரியவரும். அரபியின் உடை வேண்டும், குதிரை வேண்டும், கூடாரமும் வேண்டும். அரபி மட்டும் வேண்டாம்! 'பாலைவன கீத'ப் படத்திலும் செந்நிழலாக நடித்தவர் அமெரிக்கரான ஜான் போல்ஸ். அஸூரி என்னும் சுதேச நடனக்காரியாக வருபவர், பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற மிர்னா லாய். அவர் மொராக்கோவில் பிறந்தவரல்லர். அமெரிக்காவில் மொன்டானா ராஜ்யத்தில் பிறந்தவர்.

ஆகவே வேஷத்தின்மேல் வேஷம் என்று அடுக்கிச் சென்ற படம் அது. இந்தக் கூட்டத்தில்தான் லூயிஸ் பஜெண்டா வந்து சேர்ந்தார். வேஷம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எப்படி என்று பார்ப்போம்.

அழகைக் கொடுத்துச் சிரிப்பை வாங்கியவர்

லூயிஸ் பஜெண்டா 1895-ஆம் வருஷம் ஜூன் 17-ஆந் தேதி, இண்டியானா ராஜ்யத்திலுள்ள லாபயெட் நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே ஊமைப் படங்களில் சேர்ந்து, 1915-ல் மாக் ஸென்னட் என்பவரின் கீஸ்டோன் கம்பெனிக்கு வந்தார். ஹாஸ்யப் படங்களுக்கு அந்தக் கம்பெனி ஒரு குருகுலம் போன்றது. சார்லி சாப்ளினுக்கு ஸினிமாவில் முதல் வேலை கொடுத்ததும் அதுவே.

அங்கே கற்றுக்கொடுத்த வித்தைக்கு அமெரிக்கர்கள் 'ஸ்லாப்ஸ்டிக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முற்காலத்தில் இத்தாலியக் கோமாளிகள் இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கோலை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் அடிப்பது வழக்கம். வலி கொஞ்சம், சத்தம் அதிகம். அந்தக் கோலின் பெயரே அந்த ஹாஸ்யத்துக்கும் பெயராயிற்று. வழுக்கி விழுதல், முகத்தில் பணியாரம் வந்து அப்புதல், ஏணி சாய்தல், துரத்துதல், துரத்தப்படுதல், இவைதாம் அதன் பாடங்கள். பார்க்கிறவர்களுக்கு எளிதாகத் தோன்றும். விழுகிறவருக்குத்தான் தெரியும் அதன் கஷ்டம். தாளம் தப்பாமல் விழ வேண்டும். அடிபடாமல் விழ வேண்டும். தற்செயலாக விழுந்தது போலவும் இருக்க வேண்டும்.

ஆண்கள் விழுந்தால் உலகம் உடனே சிரித்துவிடும். ஸ்திரீகள் விழுந்தால் சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசிக்கும். அந்த ஒரு கணத்தைத்தான் ஹாஸ்ய நடிகைகள் வெல்ல வேண்டியிருந்தது. மேபல் நார்மண்ட் தம் அழகையும் வைத்துக்கொண்டே அதை வென்றார். மேரி டிரெஸ்லர் தம் பருமனையே ஆயுதமாக்கிக்கொண்டார். பஜெண்டா கண்ட வழி வேறு. பார்ப்பதற்கு லக்ஷணமானவராக இருந்தும், தலைமயிரை இறுக்கி வாரிப் பின்னல்களாகத் தொங்கவிட்டார். நெற்றியில் ஒரு சுருளை ஒட்டவைத்துக்கொண்டார். பட்டிக்காட்டுப் பெண்கள் உடுத்தும் மலிவான சீட்டித் துணியில் கவுன் போட்டுக்கொண்டு காமிராவுக்கு முன் வந்து நின்றார். ஸென்னட்டின் ஸ்டூடியோவில் அழகுக்காகவே குளியல் உடையில் நிற்க வைக்கப்பட்ட யுவதிகள் பலர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர்கள் மறைந்து போயின. பின்னல் போட்ட பட்டிக்காட்டுப் பெண்ணை ஜனங்கள் மறக்கவில்லை.

1928-ல் டபிள்யூ. ஸி. பீல்ட்ஸுடன் ஒரு படத்தில் அவர் கதாநாயகியாகவே நடித்தார். அந்தப் படம் இப்போது ஒரு பிரதிகூட இல்லாமல் அழிந்து போயிற்று. ஊமைப் படங்களில் பெரும்பகுதிக்கு நேர்ந்த கதி அதுதான். ஒரு ஹாஸ்யக்காரியின் இளமை முழுவதும் சுருள் சுருளாக மக்கிப் போவது சிறிய நஷ்டமல்ல.

ஒலிவாங்கிக்கு முன்னால்

அப்போதுதான் ஸினிமாவுக்கு வாய் முளைத்தது. எத்தனையோ நக்ஷத்திரங்களுக்கு அது கண்டமாக முடிந்தது. ஹாஸ்ய நடிகர்களுக்கோ அது தனிச் சோதனை. முதல் பேசும் படங்களில் காமிராவின் இரைச்சல் பதிவாகிவிடாமல் இருப்பதற்காக அதை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஒலிவாங்கியை விட்டு நடிகர்கள் தூரப் போகக் கூடாது. வார்னர் கம்பெனியாரின் 'வைட்டபோன்' முறையில் சத்தம் படச்சுருளில் பதியவில்லை. பதினாறு அங்குல அகலமுள்ள இசைத்தட்டுக்களில் தனியாகப் பதிந்தது. ஆகையால் காட்சியை வெட்டுவதும் ஒட்டுவதும் பெருஞ் சங்கடம். ஓடி விழுந்து பழகியவர்களை ஓரிடத்தில் கட்டிப்போட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

பஜெண்டா சமாளித்துக்கொண்டார். முழுவதும் பேசும் படமாக வார்னர் கம்பெனியார் எடுத்த இரண்டாவது படமாகிய 'டெர்ரர்' 1928-ல் வெளிவந்தபோதே அவர் அதில் பேசி நடித்தார். அந்தப் படத்தை டைரக்ட் செய்த ராய் டெல் ரூத் என்பவரே 'பாலைவன கீத'த்தையும் டைரக்ட் செய்தார். அவரும் ஸென்னட்டிடம் ஹாஸ்யத் துணுக்குகள் எழுதித் தொழில் ஆரம்பித்தவர். எனவே சங்கீத நாடகத்தைப் படமாக்கும் பொறுப்பு கீஸ்டோன் பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பேரிடம் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். ஒருவர் காமிராவுக்குப் பின்னால், ஒருவர் முன்னால்.

ஸூஸன் என்ன செய்கிறாள்?

நம்முடைய பழைய நாடகங்களில் ராஜாவுக்குப் பக்கத்தில் விதூஷகன் ஒருவன் இருப்பான். ராஜா காதலினால் உருகும்போது அவன் பசியைப் பற்றிப் பேசுவான். அரசன் ஆகாயத்தில் பறக்கும்போதெல்லாம் அவனைப் பிடித்துத் தரையில் இறக்குவது அவனுடைய வேலை. 'பாலைவன கீத'த்தில் அந்த வேலை ஸூஸனுடையது.

மார்கோவையும் ஸூஸனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்கோவுக்கு வேண்டியது வீரம், இருட்டு, முகமூடி. தினந்தோறும் அருகில் நடமாடுகிறவனை அவளால் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை. ஸூஸனுக்கு அந்தக் குழப்பமே இல்லை. பென்னி பயந்தவன் என்பது அவளுக்குத் தெரியும். தன்னைக் கண்டு ஓடுகிறான் என்பதும் தெரியும். தெரிந்தும் அவனையே விரும்புகிறாள். அவன் இன்னொருவனாக மாறி வரவேண்டும் என்று அவள் எதிர்பார்ப்பதில்லை. நாயகி கனவைக் காதலிக்கிறாள். விகடக்காரி மனிதனைக் காதலிக்கிறாள். சபையோர் முன்னவளுக்காகப் பெருமூச்சு விடுகிறார்கள், பின்னவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மேடை நாடகத்தில் இந்த ஜோடிக்கென்று 'இட்' என்று ஒரு பாட்டு ஏற்பட்டிருந்தது. எலினார் கிளின் என்ற ஆங்கில நாவலாசிரியை அந்நாளில் பரப்பிய வார்த்தை அது. அழகுக்கும் அப்பாற்பட்ட ஏதோ ஒரு வசீகரம் என்று அதற்கு அர்த்தம். அது இருக்கிறவர்களுக்கு உலகம் அடிமை; இல்லாதவர்கள் என்ன செய்வது? பஜெண்டா தம் தொழில் வாழ்க்கை முழுவதும் நடித்துக்காட்டியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்காத பெண்ணுக்கும் மனம் உண்டு, மானம் உண்டு, பிடிவாதமும் உண்டு என்பதை அவர் உபதேசம் செய்யாமல், இடறி விழுந்தே காட்டினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் சிரிப்புக்கென்று ஏற்பட்டவர்கள் பென்னியும் ஸூஸனுமே, இருவரும் வெள்ளைக்காரர்கள். தங்களுக்குச் சம்பந்தமில்லாத தேசத்தில் வந்து அகப்பட்டுக்கொண்டு விழிக்கிறவர்கள். அந்நியன் ஒருவன் பிறர் நாட்டில் எவ்வளவு அபத்தமாகக் காட்சியளிக்கிறான் என்பதைக் கதாநாயகனின் பாட்டு மறைத்துவிடுகிறது. விகட ஜோடி காட்டிவிடுகிறது. நாடகம் எழுதியவர்கள் இதை எண்ணி எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் ஹாஸ்யத்துக்கு இந்தக் குணம் உண்டு. எஜமானன் சொல்லாததையும் அது சில சமயம் சொல்லிவிடும்.

பிறகு நடந்தவை

'பாலைவன கீத'த்தின் சில காட்சிகள் அக்காலத்து இருவர்ண டெக்னிகலரில் எடுக்கப்பட்டவை. சிவப்பும் பச்சையும் கலந்த முறை அது. அசல் நீலம் அதில் வராது. இன்று எஞ்சியிருப்பது கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டுமே. செந்நிழலின் சிவப்பும் போய்விட்டது! அமெரிக்கப் படத் தொழிலில் ஒழுக்க விதிகள் 1934 முதல் கடுமையாக அமலுக்கு வந்தபின், பழைய படத்தின் துணிச்சலான பேச்சுக்களுக்கு இடமில்லாமற் போயிற்று. 1943-ல் கதையை மாற்றிப் புதுப் படம் எடுத்தார்கள். அப்போது இரண்டாவது மகாயுத்தம் நடந்துகொண்டிருந்ததால் நாஜிகள் விரோதிகளாயினர். செந்நிழலுக்குப் பதிலாக வந்த தலைவன் ஓர் அமெரிக்கன். ரிப் மக்களுக்குத் தங்களுக்குள்ளிருந்து ஒரு தலைவன் கிடைக்கும் பாக்கியம் அப்போதும் வாய்க்கவில்லை. 1953-ல் மூன்றாம் முறையாகவும் எடுத்தார்கள்.

பஜெண்டா 1927-லேயே வார்னர் கம்பெனியில் வேலை பார்த்த ஹால் வாலிஸ் என்பவரை மணந்துகொண்டார். வாலிஸ் பின்பு பெரிய தயாரிப்பாளரானார்; மொராக்கோவைப் பின்னணியாகக் கொண்ட படங்களில் உலகம் அதிகமாக அறிந்த 'காஸாபிளாங்கா' (1942) அவர் தயாரித்ததே. அதுவும் கலிபோர்னியா ஸ்டூடியோவில் எழுந்த மொராக்கோதான். பஜெண்டா 1933-ல் 'ஆலிஸ்' கதையில் வெள்ளை ராணியாக வந்தார். பல படங்களில் வேலைக்காரியாகவும் அத்தையாகவும் வந்தார். 1939-ல் பெட்டி டேவிஸ் நடித்த 'ஓல்ட் மெய்ட்' படத்தில் ஒரு வீட்டு வேலைக்காரியாக நடித்துவிட்டு, ஸினிமாவை விட்டு விலகினார். பின்னலையும் சீட்டிக் கவுனையும் களைந்த பிறகு அவருக்கு நெடுங்காலம் தர்ம காரியங்களே பொழுதாக இருந்தன. நோயாளிகளுக்கும் எளியவர்களுக்கும் விளம்பரமில்லாமல் உதவி செய்து வந்தார். 1962-ஆம் வருஷம் ஏப்ரல் 17-ஆந் தேதி காலமானார்.

அப்துல் கரீம் என்ன ஆனார்? ரெயூனியன் தீவில் இருபது வருஷத்துக்கு மேல் காவலில் இருந்தார். 1947-ல் அவரைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோகும் வழியில் கப்பல் எகிப்தை அடைந்தபோது இறங்கித் தப்பித்துக் கெய்ரோவில் தங்கினார். 1956-ல் மொராக்கோ விடுதலை அடைந்தது. அதன் பிறகும் அவர் தாய்நாடு திரும்பவில்லை. 1963-ஆம் வருஷம் பிப்ரவரியில் கெய்ரோவிலேயே கண்மூடினார்.

மேடையில் அவருக்குப் பதிலாக நின்றவன் ஒரு முகமூடி. அந்த முகமூடிக்குப் பக்கத்தில், முகத்தை மறைக்காமல், காதலனைத் துரத்திக்கொண்டு மணலில் ஓடியவள் ஒரு விகடக்காரி. 'பாலைவன கீத'த்தின் கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பார்க்க நேரும் நேயர்கள், ஜான் போல்ஸின் பாட்டைக் கேட்டு மகிழட்டும். அந்தப் பாட்டு முடிந்ததும் திரையின் ஓரத்திலிருந்து ஸூஸன் வருவாள். அவளையும் சற்று நின்று பாருங்கள். அவளைப் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை. அதற்காகத்தான் அவள் வருகிறாள்.